பற்பசையின் பண்புகள் பல் நகரும் வேகத்தை மாற்றுமா? ஆய்வுத் தலைப்புக்கு ஆலோசனை வேண்டும்

கேள்வி: முதுநிலை மாணவி, தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். நான் பல்சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கான தலைப்பை முடிவு செய்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு விரைவில் அனுப்பியாக வேண்டும். வெவ்வேறு பற்பசைகளின் பண்புகள், கிளிப் அணிந்தவர்களின் பல் நகரும் வேகத்தைப் பாதிக்கின்றனவா என்பதை ஆராயலாம் என்று எண்ணி ஒரு முன்வரைவு எழுதினேன். அதைப் படித்த என் வழிகாட்டி, "பற்பசை எந்த வழியாகப் போய்ப் பல்லின் நகர்வை மாற்றும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று வாரமாக முயன்றும் அந்த ஒரு பக்கம் எனக்கு நிறைவாக அமையவில்லை.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஏறத்தாழ ஒரே வயதுடைய இரண்டு பிள்ளைகளுக்கு மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு, கோரைப்பல்லைப் பின்னோக்கி இழுக்கும் சிகிச்சை நடக்கிறது. ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி மூடுகிறது. மற்றவருக்கு அதில் பாதிகூட மூடவில்லை. இரண்டாவது பிள்ளை ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர். பற்களில் ஃபுளோரோசிஸ் கறை தெளிவாகத் தெரிகிறது. ஃபுளோரைடு எலும்பின் கரைவைக் குறைக்கும் என்று பாடத்தில் படித்திருந்ததால், நாம் நாள்தோறும் இரண்டு வேளை வாயில் வைக்கும் பற்பசையில் உள்ள ஃபுளோரைடும் அதே வேலையைச் செய்யுமோ என்ற ஐயம் எழுந்தது. அதோடு, நிக்கல்-டைட்டானியம் கம்பியை ஃபுளோரைடு அரிக்கும் என்றும், பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள்கள் கம்பியைச் சொரசொரப்பாக்கி உராய்வைக் கூட்டும் என்றும் ஆங்காங்கே படித்தேன். இவற்றில் எது முதன்மையான வழி, எது பொருட்படுத்த வேண்டாதது என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை.

என் முன்வரைவின்படி, ஒரே நோயாளியின் வலப்பக்கக் கோரைப்பல்லையும் இடப்பக்கக் கோரைப்பல்லையும் ஒப்பிட்டு, மூன்று வகைப் பற்பசைகளை ஆறு மாதங்களுக்குச் சோதிக்க எண்ணியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

பதில் 1: பல்சீரமைப்பு மருத்துவர், சேலம்

உங்கள் வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை எழுத, பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பல்லின் வேரும் எலும்பும் நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலத்தில் பல்சூழ் நார்ப்படலம் இருக்கிறது. கம்பி தரும் விசையால் இந்தப் படலம் ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் பெருகி எலும்பைக் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904-05 காலத்தில் நாய்களின் பற்களை நகர்த்தித் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து முதலில் காட்டியது இதைத்தான். விசை அளவுக்கு மிஞ்சினால் அந்தப் படலத்தின் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் நின்று, செல்கள் இறந்து, கண்ணாடி போன்ற ஒரு பகுதி உருவாகும். அது அகற்றப்படும் வரை பல் சில வாரங்கள் அசையாமல் நின்றுவிடும். இதனால்தான் 1932-ல் ஷ்வார்ட்ஸ், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை, அதாவது நுண்குழாய் இரத்த அழுத்தத்தை ஒட்டிய விசையே உகந்தது என்று எழுதினார். அந்த எண்ணை இன்று நாம் அப்படியே கடைப்பிடிப்பதில்லை என்றாலும், அதன் உட்கருத்து இன்னும் நிற்கிறது.

இப்போது உங்கள் முதல் கருதுகோளைப் பாருங்கள். எலும்பு கரையும் இடம் ஈறுக்கு அடியில், வேரைச் சுற்றி இருக்கிறது. பற்பசையோ பல்லின் மேற்பரப்பில் இரண்டு நிமிடம் இருந்து துப்பப்படுகிறது. அதில் உள்ள ஃபுளோரைடு அந்த எலும்பை அடைய ஒரே வழி, விழுங்கப்பட்டு, குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலப்பதுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு விதிப்படி பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு கிராம் பசை என்றால் அதில் உள்ளது 1 மில்லிகிராம். இரு வேளைக்கு 2 மில்லிகிராம். வளர்ந்த பிள்ளை அதில் பத்தில் ஒரு பங்கை விழுங்குவதாக வைத்துக்கொண்டாலும் 0.2 மில்லிகிராம்தான் உடலுக்குள் போகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடிப்பவருக்கோ 3 மில்லிகிராம் போகிறது. பதினைந்து மடங்கு வேறுபாடு! தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் இந்த அளவையும் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆகவே நீங்கள் பார்த்த இரண்டாவது பிள்ளையின் எலும்பில் ஃபுளோரைடு ஏதாவது செய்திருக்கிறது என்றால், அது பற்பசைக் குழாயிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குடிநீரிலிருந்து, அதுவும் பல ஆண்டுகளாக வந்ததாகவே இருக்க வேண்டும்.

உடலுக்குள் செல்லும் ஃபுளோரைடு பல் நகர்வைக் குறைக்கக்கூடும் என்பதற்கு விலங்குச் சான்றுகள் உண்டு. ஹெல்சிங், ஹாம்மர்ஸ்ட்ராம் ஆகியோர் 1991-ல் வெளியிட்ட எலி ஆய்வில், ஃபுளோரைடு பெற்ற எலிகளில் பல் நகர்வு குறைந்தது. சிட்னியில் டாரெண்டெலிலரின் குழு வேர் கரைவைப் பற்றிச் செய்த நீண்ட ஆய்வுத் தொடரிலும் ஃபுளோரைடு இடம்பெற்றிருக்கிறது. துருக்கியில் குடிநீர் ஃபுளோரைடு மிகுந்த ஊரையும் குறைந்த ஊரையும் எடுத்துக்கொண்டு மனிதர்களிடமே இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இவை எல்லாமே உட்கொள்ளும் ஃபுளோரைடைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். இவற்றை மேற்கோளாகக் காட்டிப் பற்பசைக்கு முடிவு எழுதுவது பெரும் பிழை. அந்தப் பிழையைச் செய்த முன்வரைவுகளை நான் தேர்வாளராக இருந்து பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அப்படியானால் பற்பசைக்கும் பல் நகர்வுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது சுற்றுவழித் தொடர்பு. அழுக்கு படிந்த கம்பியில், பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் வழுக்காது. பிரேசிலில் 2010-ல் வந்த ஓர் ஆய்வு, எட்டு வாரம் வாயில் இருந்த எஃகுக் கம்பிகளில் படிவும் சொரசொரப்பும் உராய்வும் கூடியிருப்பதைக் காட்டியது. ஈறு வீங்கிப் பல் எடுத்த இடத்தில் மடிந்து திரண்டுவிட்டால் இடைவெளி மூடுவது தடைப்படுகிறது. பிராக்கெட்டைச் சுற்றி வெண்புள்ளி, அதாவது பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கியதன் அடையாளம், தோன்றிவிட்டால், சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக் கம்பியைக் கழற்ற வேண்டிய நிலைகூட வருகிறது. நார்வேயின் ஓகார்ட் 1988-ல் காட்டியபடி, அழுக்கு தேங்கும் இடத்தில் நான்கே வாரத்தில் வெண்புள்ளி கண்ணுக்குத் தெரியும். அதாவது ஒரு நோயாளி நம்மிடம் அடுத்த முறை வருவதற்குள்! நாள்தோறும் கம்பி மாற்றும் எனக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. ஈறும் எனாமலும் கெட்டுப்போன வாயில் எந்த நுட்பமான கம்பியும் பயன் தராது.

பதில் 2: வேதியியலாளர், பற்பசைத் தயாரிப்பில் 18 ஆண்டுகள்

மருத்துவர் ஐயா எலும்பின் பக்கத்தைத் தெளிவாக்கிவிட்டார். நான் பசையின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

'பற்பசையின் பண்புகள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. தேய்ப்புத்திறன், அமிலகாரநிலை (பி.எச்.), ஃபுளோரைடின் வகை, அதில் கரைந்த நிலையில் உள்ள பங்கு, நுரைப்பொருள் என ஒவ்வொன்றும் தனித்தனியே வேலை செய்கிறது. கடையில் வாங்கிய மூன்று பசைகளை ஒப்பிட்டால் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் மாறும். கிடைக்கும் வேறுபாட்டுக்கு எது காரணம் என்று உங்களால் சொல்லவே முடியாது.

தேய்ப்புத்திறனை ஆர்.டி.ஏ. என்ற எண்ணால் குறிக்கிறோம். எனாமலுக்கு அடியில் உள்ள பல்திசுவான டென்டினுக்குக் கதிரியக்கம் ஏற்றி, அதைப் பசையின் கூழால் துலக்கி, எவ்வளவு தேய்ந்து வெளியேறுகிறது என்று அளந்து, கால்சியம் பைரோபாஸ்பேட் தரும் தேய்மானத்தை 100 எனக் கொண்டு ஒப்பிடுவது இதன் முறை. பன்னாட்டுத் தர நிர்ணயம் வைத்திருக்கும் மேல்வரம்பு 250. நம் சந்தையில் விலை குறைந்த வெண்பசைகளில் பெரும்பாலும் சுண்ணாம்புத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட் இருக்கும்; ஜெல் வகைகளில் நீரேறிய சிலிக்கா இருக்கும். மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புத்தூளின் கடினத்தன்மை 3, எனாமலுடையது ஏறத்தாழ 5. எஃகுக் கம்பியையோ உலோகப் பிராக்கெட்டையோ சுண்ணாம்புத்தூள் கீறி உராய்வைக் கூட்டும் என்ற கருதுகோளை நான் நம்பவில்லை. பிராக்கெட்டின் ஓரத்தில் வெளியே தெரியும் ஒட்டுப்பசை வேறு செய்தி: அது மென்மையானது, தேயும், தேய்ந்த இடத்தில் அழுக்கு தங்கும்.

அடுத்தது ஃபுளோரைடும் டைட்டானியமும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். டைட்டானியத்தின் மேல் இயல்பாக உருவாகும் ஆக்சைடுப் படலத்தைக் கரைப்பது ஃபுளோரைடு அயனி அல்ல. அது அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. ஜப்பானில் நாககாவா குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், டைட்டானியத்தைச் சுற்றியுள்ள கரைசலில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஏறத்தாழ 30 பிபிஎம் தாண்டும்போது இந்தப் படலம் அழிகிறது என்று கண்டார்கள். இந்தப் பொருளின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அதில் பாதி அயனியாகப் பிரிந்திருக்கும் பி.எச். அளவு, ஏறத்தாழ 3.2. இதை வைத்து நீங்களே கணக்கிடலாம். 1000 பிபிஎம் சோடியம் ஃபுளோரைடு பசை, பி.எச். 7 நிலையில் இருந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறுவது 0.15 பிபிஎம் மட்டுமே. பி.எச். 5-க்கு இறங்கினால் 15 பிபிஎம். பி.எச். 4 என்றால் 130 பிபிஎம் வரை போகும். மருத்துவமனையில் தடவும் அமிலமேற்றிய ஃபுளோரைடு ஜெல்லில் 12,300 பிபிஎம் ஃபுளோரைடும் பி.எச். 3.5-ஐ ஒட்டிய அமிலத்தன்மையும் இருப்பதால் அங்கே கணக்கு ஆயிரங்களில் நிற்கும். நாம் துலக்கும் பசைகளோ நடுநிலையிலோ சற்றே காரமாகவோ இருப்பவை. உமிழ்நீர் அவற்றை மேலும் நீர்க்கச் செய்கிறது.

அமெரிக்காவில் வாக்கர் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உயர் ஃபுளோரைடு மருந்துகளில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்த நிக்கல்-டைட்டானியம் கம்பிகள், விசையை விடுவிக்கும்போது காட்டும் விறைப்பு குறைந்தது. இதனால் சிகிச்சை நீளக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். நல்ல ஆய்வு, மதிக்கிறேன். ஆனால் அது வாய்க்கு வெளியே, 5000 பிபிஎம் அளவில் செய்யப்பட்டது. தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் ஊறுவதும், ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடம் பட்டு உடனே உமிழ்நீரால் கழுவப்படுவதும் கம்பிக்கு ஒன்றாகுமா என்பதே இன்னும் நேராகச் சோதிக்க வேண்டிய கேள்வி. உங்கள் ஆய்வுக்கு இடம் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவியின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா போட்டுக் காட்டிய 0.2 மில்லிகிராம் கணக்கைப் பார்த்ததும், மூன்று வாரமாக நான் எங்கே முட்டிக்கொண்டு நின்றேன் என்பது புரிந்தது. எலும்பு வழியை விட்டுவிடுகிறேன்.

இரண்டு சிறு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. முதலாவது, கம்பியில் ஏற்படும் மாற்றத்தை அளந்தாலும், அது பல் நகர்வில் எதிரொலிக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் ஆய்வு அரைகுறையாகிவிடாதா? இரண்டாவது, வலம்-இடம் ஒப்பீட்டு முறை பற்றி இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. அது சரியான முறைதானா?

பதில் 3: ஆய்வு முறையியல் கற்பிப்பவர், மதுரை

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அது முன்வரைவையே கவிழ்த்துவிடக் கூடியது. கோரைப்பல் இழுக்கும் ஆய்வுகளில் வலம்-இடம் ஒப்பீடு எல்லோருக்கும் பிடித்தமான முறை. ஒரே உடல், ஒரே வயது, ஒரே உணவு என்பதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நீங்கிவிடுகிறது. எலும்பில் சிறு துளையிடுவது, ஒரு பக்கம் மட்டும் ஊசி போடுவது போன்றவற்றுக்கு அது பொருந்தும். பற்பசைக்குப் பொருந்தவே பொருந்தாது. வலப்பக்கம் ஒரு பசை, இடப்பக்கம் வேறொரு பசை என்று எந்தப் பிள்ளையும் துலக்க முடியாது. துலக்கினாலும் உமிழ்நீர் இரண்டையும் கலந்துவிடும்.

ஆகவே நீங்கள் ஆட்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். பிரித்தவுடன், நீங்கள் கேள்வியில் எழுதிய அந்த இரண்டு பிள்ளைகளிடம் கண்ட வேறுபாடு முழுவதும் உங்கள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கணக்கு சொல்கிறேன். இதில் உள்ள எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். மாத நகர்வில் ஆளுக்கு ஆள் உள்ள திட்டவிலக்கம் 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களுக்கு இடையே 0.2 மி.மீ. வேறுபாட்டை 80 விழுக்காடு உறுதியோடு கண்டறிய ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 36 பேர் வேண்டும். பற்பசையால் அவ்வளவு பெரிய மாற்றம் வரும் என்று முந்தைய இரண்டு பதில்களைப் படித்த யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 0.1 மி.மீ. வேறுபாட்டைத் தேட வேண்டுமென்றால் குழுவுக்கு 144 பேர். மூன்று பசைகளுக்கு 432 பேர். பல் எடுத்துக் கோரைப்பல் இழுக்கும் நோயாளிகள் அத்தனை பேரை உங்கள் படிப்புக் காலத்துக்குள் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது பேரை வைத்துச் செய்துவிட்டு, 'வேறுபாடு இல்லை' என்று எழுதினால் அது பொய்யான ஆறுதல். வேறுபாடு இல்லை என்பதற்கும், காணும் திறன் ஆய்வுக்கு இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியைத் தயவுசெய்து மனத்தில் நிறுத்துங்கள். முதுநிலை ஆய்வேடுகளில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். நகர்வை அளக்காவிட்டால் அரைகுறை என்று எண்ண வேண்டாம். ஒரு சங்கிலியில் பல கண்ணிகள் உண்டு: பசை, கம்பியின் பரப்பு, கம்பி தரும் விசை, எலும்பின் எதிர்வினை, கடைசியில் நகர்வு. முதல் கண்ணியிலேயே மாற்றம் இல்லை என்று நன்றாக நிறுவிவிட்டால், கம்பி வழியான தொடர்பை மேற்கொண்டு தேட வேண்டிய தேவை குறைகிறது. மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த கண்ணியை எந்த அளவில் தேட வேண்டும் என்பது தெரிகிறது. வாயில் உண்மையாகவே ஆறு வாரம் இருந்து திரும்பிய கம்பிகளை எடுத்து, மூன்று முனை வளைப்புச் சோதனையில் (இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்துவது) விடுவிப்பு விசையை, அதாவது வளைத்த கம்பி திரும்பும்போது தரும் விசையை, அளப்பது உங்கள் காலத்துக்குள் முடியும். கம்பிகள் ஒரே தொகுதியில் தயாரானவையாக இருக்கட்டும். அந்தத் தொகுதியிலிருந்து சில துண்டுகளை வாயில் போடாமலே எடுத்துவைத்து அடிப்படை அளவாகக் கொள்ளுங்கள்.

நகர்வையும் துணை அளவாக எடுக்க விரும்பினால், விசை தரும் கருவியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பல்லை இழுக்கும் ரப்பர் கண்ணிச் சரமான பவர் செயின் முதல் நாளிலேயே தன் விசையில் பாதியை ஒட்டி இழந்துவிடும். அதன் தேய்வே பற்பசையின் விளைவை முழுவதுமாக மறைத்துவிடும். மூடுசுருள் வில் ஓரளவு நிலையாக இருக்கும். மாதந்தோறும் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன்களை அண்ணத்து மடிப்புகளின் மேல் பொருத்தி ஒப்பிடுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் பதிவது ஏற்கப்படாது. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். உங்கள் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டுச் செய்யும் எந்த ஃபுளோரைடு ஆய்வையும் நான் நம்ப மாட்டேன்.

பதில் 4: ஒரு தாய், ஈரோடு

மருத்துவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் 14 வயது மகளுக்குக் கிளிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் சேர்த்த உணவால் கிளிப்பின் ரப்பர் வளையங்கள் மஞ்சளாகிவிடுகின்றன என்று அவள் வெட்கப்பட்டு, கரித்தூள் சேர்த்த வெண்மையாக்கும் பசையை வாங்கித் துலக்குகிறாள். வீட்டில் நாங்கள் பல காலமாகக் கிராம்பெண்ணெய் சேர்த்த மூலிகைப் பசையைத்தான் பயன்படுத்துகிறோம். இவற்றால் சிகிச்சை தாமதமாகுமா? ஃபுளோரைடு எலும்பைக் கெடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் ஃபுளோரைடு பசையைத் தவிர்த்து வந்தோம். அதுவும் சரிதானா?

பதில் 5: பல்சீரமைப்பு மருத்துவர், சேலம்

அம்மா, மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. இந்த ஆய்வெல்லாம் உங்கள் மகள் போன்ற பிள்ளைகளுக்காகத்தான்.

ஃபுளோரைடைத் தவிர்த்தது சரியல்ல; அதை இன்றே மாற்றிவிடுங்கள். எலும்பைப் பாதிக்கும் ஃபுளோரைடு பல ஆண்டுகள் குடிநீர் வழியாக உடலில் சேர்வது. துலக்கித் துப்பும் பசையால் அந்த நிலை வராது. மறுபுறம், கிளிப் போட்ட வாய்க்கு ஃபுளோரைடு மிகவும் தேவை. பிராக்கெட்டைச் சுற்றித் தங்கும் அழுக்கில் அமிலம் ஊறி, பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. ஃபுளோரைடு கலந்த எனாமல் 4.5 வரை தாங்கும். ஸ்வீடனில் கிளிப் அணிந்த 424 இளையோரிடம் நடந்த சோதனை 2014-ல் வெளியானது. 1450 பிபிஎம் பசையைப் பயன்படுத்தியவர்களைவிட 5000 பிபிஎம் பசையைப் பயன்படுத்தியவர்களிடம் வெண்புள்ளிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. அந்த 5000 பிபிஎம் பசையை நீங்களாக வாங்க வேண்டாம். அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது. குழாயில் 1000 பிபிஎம் என்று அச்சிட்டிருக்கும் சாதாரணப் பசையை வாங்குங்கள். இரவில் துலக்கியபின் துப்பிவிட்டு, நிறைய நீரால் கொப்பளிக்காமல் விடச் சொல்லுங்கள்.

கரித்தூள் பசையை நிறுத்திவிடுங்கள். அவற்றில் பலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை. கருந்துகள் பிராக்கெட்டின் இடுக்குகளில் போய்த் தங்கும். வெண்மையாக்கும் பசை எதுவானாலும் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள எனாமலைத் தொடாது என்பதால், சிகிச்சை முடிந்து கழற்றும்போது பல்லில் இரண்டு நிறம் தெரியலாம். ரப்பர் மஞ்சளாவது பல்லுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அது மாற்றப்படும். சாம்பல் அல்லது அடர்நீல நிற வளையத்தைக் கேட்டு வாங்கினால் மகளின் வெட்கமும் தீரும்.

கிராம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம்பெண்ணெயில் உள்ள யூஜெனால், பிராக்கெட் ஒட்டும் பிசின் இறுகுவதைத் தடுக்கும் இயல்புடையது. ஆகையால் புதிதாக ஒட்டும் நாளிலும், கழன்றதை மீண்டும் ஒட்டும் நாளிலும் கிராம்பெண்ணெயைத் தடவிக்கொண்டு வர வேண்டாம். மற்ற நாட்களில் பசையில் உள்ள சிறு அளவு நகர்வைத் தாமதப்படுத்தும் என்று அஞ்சத் தேவையில்லை. நகர்வைத் தாமதப்படுத்தக் கூடியவை என்று நாங்கள் கவனமாக இருப்பது வலி மாத்திரைகளில்தான். கம்பி இறுக்கிய வலிக்கு ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் போன்றவற்றை நாள்கணக்கில் கொடுத்தால், எலும்பு மாற்றத்துக்குத் தேவையான புராஸ்டாகிளாண்டின் சுரப்பு குறையும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் பாரசிட்டமால் கொடுங்கள்.

மாணவியின் மறுமொழி

முறையியல் ஆசிரியர் ஐயாவின் 432 என்ற எண் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. இன்று காலை வழிகாட்டியிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். எலும்பு, கம்பி, ஈறு, எனாமல் என்ற நான்கு வழிகளையும் எழுதி, முதல் வழியை ஏன் விலக்குகிறேன் என்பதற்குக் காரணமும் காட்டியிருக்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டார். தலைப்பு இப்போது இவ்வாறு மாறியிருக்கிறது: 'ஃபுளோரைடுள்ள பசையையும் ஃபுளோரைடற்ற பசையையும் பயன்படுத்துவோரின் வாயில் ஆறு வாரம் இருந்த நிக்கல்-டைட்டானியம் கம்பிகளின் விடுவிப்பு விசையும் பரப்பு மாற்றமும்'. வெண்புள்ளி அபாயம் கருதி, ஃபுளோரைடற்ற பசைக் குழுவில் ஏற்கெனவே தம் விருப்பத்தால் அத்தகைய பசையைப் பயன்படுத்தி வருபவர்களை மட்டும் சேர்ப்பது என்றும், அவர்களுக்கும் ஆறு வார முடிவில் ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். வேதியியலாளர் ஐயா, பசையைத் தேர்ந்தெடுப்பதில் நான் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

பதில் 6: வேதியியலாளர்

ஒன்று உண்டு. சுண்ணாம்புத்தூள் உள்ள பசையில் சோடியம் ஃபுளோரைடைச் சேர்க்க முடியாது. கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஃபுளோரைடாகிவிடும். அதனால்தான் அத்தகைய பசைகளில் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் சேர்க்கிறோம். அதிலும் ஃபுளோரைடு நிலையாக நிற்பதில்லை. நாள் ஆக ஆக, வெப்பம் கூடக் கூட, மெல்லப் பிரிந்து கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். குழாயில் 1000 பிபிஎம் என்று அச்சிட்டிருந்தாலும், வெயிலில் கிடந்த பழைய குழாயில் கரைந்த நிலையில் உள்ள ஃபுளோரைடு அதைவிடக் குறைவாக இருக்கும். கம்பியின் மேல் வேலை செய்யக்கூடியது அந்தக் கரைந்த பங்கு மட்டுமே.

ஆகவே சிலிக்கா அடிப்படையில் அமைந்த சோடியம் ஃபுளோரைடு பசையையே தேர்ந்தெடுங்கள். அனைவருக்கும் ஒரே தொகுதி எண் உள்ள குழாய்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும் நாளில் ஒரு குழாயையும், ஆறு வாரம் கழித்து நோயாளிகள் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில் சிலவற்றையும் அயனி மின்முனையால் அளந்து, கரைந்த ஃபுளோரைடையும் பி.எச். அளவையும் பதிவு செய்யுங்கள். தன் விருப்பப் பசையைத் தொடரும் குழுவினரின் குழாய்களையும் அதே நாளில் அளவுக்கு உட்படுத்துங்கள், ஏனெனில் ஃபுளோரைடு இல்லை என்று அவர்கள் நம்பும் பசையில் உண்மையிலேயே இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். திரும்பி வரும் குழாய்களை எடை போட்டால், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதும் கையோடு கிடைத்துவிடும்.